கட்டர் பாரின் வெளிமுனையில் மட்டும் புல் அறுபடாமல் கிழிகிறது

கொழிஞ்சாம்பாறை மாட்டுப்பண்ணை:
வணக்கம். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, கறவை மாடுகளுக்காகக் குதிரைமசாலும் தீவனச் சோளமும் பயிரிட்டு வருகிறேன். டிராக்டரின் பக்கவாட்டில் மாட்டும், பிளேடுகள் வரிசையாகப் பொருத்திய நீண்ட கத்தி இடவலமாக ஓடிப் புல்லை அறுக்கும் ஐந்தடிக் கட்டர் பார் ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டுகிறேன். டிராக்டரை ஒட்டிய பக்கம் சீராக வெட்டுகிறது. வெளிமுனையின் கடைசி இரண்டடியில் மட்டும் தண்டு நசுங்கி நார்நாராகக் கிழிவதோடு, புல்லும் அங்கேயே அடைத்துக்கொள்கிறது. பிளேடுகளைச் சாணை பிடித்த பின்னும் மாற்றமில்லை. 21 முதல் 25 நாட்களுக்கு ஒருமுறை அறுக்க வேண்டிய பயிரில் அடிக்கட்டை கிழிந்தால் மறுதளிர் தாமதப்படுகிறது. முழுக் கத்தியையும் மாற்றிவிடலாமா?

பொள்ளாச்சி பட்டறை:
ஐயா, அந்தச் செலவை இப்போது செய்ய வேண்டாம். பிளேடு மழுங்கியிருந்தால் ஐந்தடி நீளத்திலும் வெட்டு கெட்டிருக்கும். வெளிமுனையில் மட்டும் கெடுவதால், பார் பின்னுக்குச் சாய்ந்திருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஓடும்போது பயிர் வெளிமுனையைப் பின்னுக்குத் தள்ளும் என்பதால், நிற்கும் நிலையில் அம்முனை அடிக்குக் கால் அங்குலம் வீதம், அதாவது தங்கள் பாருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம், முன்னே இருக்க வேண்டும். பாரை டிராக்டர் பக்கம் இணைக்கும் கீலின் ஊசியும் (கீல் பின்) அதைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டால் இந்த முன்சாய்வு போய்விடும். பிறகு கத்தி, அதை இடவலமாகத் தள்ளி இழுக்கும் பிட்மேன் தண்டின் நேர்க்கோட்டில் ஓடாமல் கோணலாக உரசும்.

சமதளத்தில் பாரை இறக்கி, வெளிமுனையைப் பின்னுக்கு இழுத்துத் தளர்ச்சியை எடுத்துவிட்டு, பின்சக்கர அச்சுக்கு இணையாக நூல் கட்டி இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். முன்சாய்வு குறைவாக இருந்தால் கீல் பின்னையும் புஷ்ஷையும் லேத்தில் கடைந்து மாற்றிவிடலாம். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, டிராக்டரிலிருந்து கருவிக்குச் சுழல்விசை தரும் பி.டி.ஓ. தண்டைக் கழற்றாமல் கத்தியின் அருகே கை கொண்டுபோகக் கூடாது. கத்தியை ஓட்டும் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினாலும் அந்தக் கத்தி கைவிரலைத் துண்டித்துவிடும்.

வேலந்தாவளம் உழவர்:
பட்டறை நண்பர் கூறியது முற்றிலும் சரி. அதோடு வெளிமுனையின் விரல்களையும், அதாவது பாரிலிருந்து முன்னே நீட்டி நிற்கும் இரும்புக் கூர்முனைகளையும், பாருங்கள். எங்கள் பக்கத்து நிலங்களில் வரப்போரக் கல்லில் முதலில் மோதுவது அம்முனைதான். ஒரு விரல் சற்றே கீழே வளைந்தாலும், அதில் பிளேடுக்கு அடியில் இருக்கும் அடித்தகட்டுக்கும் பிளேடுக்கும் இடையே சந்து விழுந்து, தண்டு வெட்டுப்படாமல் அதற்குள் மடிந்து நுழைந்துவிடும். கத்தியைக் கழற்றிவிட்டு, பாரின் ஒரு முனையில் குனிந்து, அடித்தகடுகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். தாழ்ந்த விரலைச் சுத்தியால் தட்டி உயர்த்துங்கள். விளிம்பு உருண்டுபோன தகட்டை மாற்றுங்கள். சாணை பிடித்த பிளேடு எவ்வளவு கூராக இருந்தாலும், அடியில் கூரான விளிம்பு இல்லையென்றால் அது வெட்டாது.

கத்தியை அழுத்திப் பிடிக்கும் கிளிப்புகளுக்கு அடியில் தாள் நுழையும் அளவு இடைவெளி போதும். கிளிப்பின் மேல் ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு கத்தியைக் கையால் நகர்த்திப் பாருங்கள், இறுகிவிட்டால் சூடேறி முறியும்.

கொழிஞ்சாம்பாறை மாட்டுப்பண்ணை:
இருவருக்கும் மிக்க நன்றி. அளந்தபோது வெளிமுனை அரை அங்குலம் பின்னேயே இருக்கிறது. கீல் பின்னிலும் நன்றாகவே ஆட்டம் உள்ளது. கடைசி மூன்று விரல்களும் தாழ்ந்திருக்கின்றன. உடைந்த பிளேடு ஒன்றையும் மாற்ற வேண்டும். ரிவிட்டை டிரில் போட்டு எடுக்கலாமா?

பொள்ளாச்சி பட்டறை:
டிரில் போட்டால் துளை பெரிதாகி, புது ரிவிட் நிற்காது. பிளேடுகளை ரிவிட் அடித்துப் பொருத்தியிருக்கும் கத்தியின் முதுகுப்பட்டையை வைஸில் பிடித்து, பிளேடின் பின்விளிம்பில் ஓங்கி ஓர் அடி கொடுத்தால் ரிவிட் துண்டாகிவிடும். மிச்சத்தை இரும்பு முளை வைத்துத் தட்டி வெளியேற்றலாம். புது ரிவிட்டை இறுக்கிய பின், முதுகுப்பட்டை வளையாமல் நேராக இருக்கிறதா என்று பார்த்து உள்ளே செலுத்துங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது, கத்தி ஓட்டத்தின் இரு முடிவிலும் பிளேடின் நடுப்பகுதி, பாரின் விரலுக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பிட்மேன் நீளத்தைச் சரிசெய்யுங்கள். வயலில் பி.டி.ஓ.வை நிமிடத்துக்கு 540 சுற்றில் வைத்து, முதல் வரியை மெதுவான கியரிலேயே ஓட்டுங்கள்.