நெற்றியில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி: என் சருமம் எந்த வகை?

கேள்வி: வேளச்சேரிவாசி

வணக்கம். எனக்கு வயது 29. காலையில் குளியல் சோப்பால் முகம் கழுவியவுடன் கன்னங்கள் இழுத்துப் பிடிக்கின்றன. வாய்விட்டுச் சிரித்தால் தோல் எரிகிறது. ஆனால் பதினொரு மணிக்குள் நெற்றியிலும் மூக்கின் இருபுறமும் எண்ணெய் கசிந்து, கைக்குட்டையால் ஒற்றினால் துணியில் திட்டாகப் படிகிறது. அந்தப் பிசுபிசுப்புக்காகவே நாளொன்றுக்கு நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். தாடையோரம் மாதந்தோறும் இரண்டு மூன்று பருக்கள் வருகின்றன. பரு ஆறினாலும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்தே நிற்கிறது. கோத்தகிரியில் இருக்கும் என் அக்கா பூசும் கெட்டியான க்ரீமை நானும் ஒரு வாரம் பூசிப் பார்த்தேன். அவளுக்கு நன்றாக ஒத்துக்கொண்ட அதே க்ரீம் எனக்கு நெற்றி முழுவதும் பொரிப்பொரியாகக் கிளப்பிவிட்டது. காணொளிகளைப் பார்த்து வாங்கிய வைட்டமின் சி சீரம், சாலிசிலிக் அமிலச் சீரம், நயாசினமைடு சீரம், ஒரு ஸ்க்ரப் ஆகிய நான்கும் கண்ணாடி முன் வரிசையாக நிற்கின்றன. எதை முதலில் பூசுவது, எதை விட்டுவிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய மருந்தாளுநர்

சகோதரி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது கலவைச் சருமம். அதன்மேல் அளவுக்கு மீறிக் கழுவியதால் வந்த வறட்சியும் சேர்ந்திருக்கிறது. உறுதி செய்துகொள்ள, ஒரு விடுமுறை நாளில் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, மெல்லிய டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய் படிந்தால் எண்ணெய்ச் சருமம், எங்கும் படியாமல் தோல் இறுகினால் வறண்ட சருமம், நடுமுகத்தில் மட்டும் படிந்தால் கலவை.

தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. வழக்கமான குளியல் சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை செல்லும். செங்கற்களுக்கு இடையே சிமெண்ட் இருப்பதைப் போலத் தோலின் மேலடுக்குச் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. நான்கு வேளைச் சோப்பு அந்தப் பூச்சைத்தான் அரித்துக்கொண்டு போகிறது. கன்னம் இழுப்பது அதன் அடையாளம். உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீராக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கால்சியம் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் கசடு, அலசிய பிறகும் தோலில் தங்கிவிடும். கழுவக் கழுவ எண்ணெய் அதிகமாகச் சுரக்கும் என்று பலரும் சொல்வார்கள்; நான் அதை ஏற்பதில்லை. எண்ணெய்ச் சுரப்பிகளை ஆட்டிவைப்பது பெரும்பாலும் ஹார்மோன்களே. ஆகவே சோப்பால் அவற்றை அடக்கவும் முடியாது.

நான்கு வாரங்களுக்கு மூன்றே பொருள்கள் போதும். காலையும் இரவும் சோப்பு சேராத மென்மையான ஃபேஸ்வாஷ். முகம் ஈரமாக இருக்கும்போதே ஜெல் போன்ற இலகுவான மாய்ஸ்சரைசர். காலையில் அதன்மேல் சன்ஸ்கிரீன். பகலில் எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றியெடுங்கள், கழுவ வேண்டாம். கன்னத்தின் எரிச்சல் நின்ற பிறகு சாலிசிலிக் அமிலத்தை (2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்) வாரம் இரண்டு இரவுகள், எண்ணெய் வழியும் பகுதியில் மட்டும் பூசலாம். அது எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து நயாசினமைடைச் சேர்க்கலாம். ஒரே வாரத்தில் இரண்டு புதியவற்றைத் தொடங்கினால், ஒவ்வாமை வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. ஸ்க்ரப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வைட்டமின் சி இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். திரவம் பழுப்பேறினால் பயனில்லை.

பதில் 2: ஊட்டிக் குளிர்

உங்கள் அக்காவின் இடத்தில் இருப்பவள் நான். மலைக்காற்றில் எனக்கு மூக்கோரம் செதில் செதிலாக உரியும். ஆகையால் காலையில் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் செராமைடு உள்ள கெட்டியான க்ரீமைப் பூசி, பனிக்காலத்தில் அதன்மேல் துளி பெட்ரோலியம் ஜெல்லியும் தடவுகிறேன். இதையே சென்னையின் ஜூன் மாதப் புழுக்கத்தில் செய்தபோது இரண்டே நாளில் முகம் அவித்த கிழங்கு போல ஆகிவிட்டது. அக்காவுக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததில் வியப்பில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து அதன்மேல் ஹெல்மெட் போடுகிற பழக்கம் இருந்தால், எண்ணெய் நெற்றியில் இறங்கியும் பொரி வரும்.

பதில் 3: மாமி கைவைத்தியம்

இவ்வளவு செலவு எதற்கம்மா? கடலை மாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கருமை போய்விடும். மருந்துக்கடையில் இருநூறு ரூபாய்க்குள் சிவப்பழகு க்ரீமும் கிடைக்கிறது. எங்கள் குடியிருப்பில் பலர் அதைப் பூசிப் பளிச்சென்று ஆகியிருக்கிறார்கள்.

பதில் 4: பழைய மருந்தாளுநர்

மாமி, தவறாக எண்ண வேண்டாம். மாவில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் போதும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 2. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்ததுபோல் சிவந்து, பிறகு முன்பைவிடக் கறுத்துப்போவதும் உண்டு.

அந்த க்ரீம்தான் என்னை அஞ்ச வைக்கிறது. இப்படி விற்பவற்றில் பல, நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெடினோயின் ஆகியவற்றோடு மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டையும் கலந்தவை. முதல் சில வாரங்கள் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்த மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிந்து, பருக்கள் கொத்தாக வரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசத் தோன்றும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுகள் பலவற்றை மருந்து விதிகளின் எச் அட்டவணையில் சேர்த்து, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று ஆக்கியது. குழாயின் பின்புறத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் நீங்களாகப் பூசாதீர்கள். ஏற்கெனவே பல வாரங்கள் பூசியவர்கள் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வேளச்சேரிச் சகோதரிக்கு: நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய இடத்தில் மெலனின் என்ற நிறமி கூடுதலாகச் சேர்வதுதான் அந்தக் கருமை. வெயில் அதை நீட்டிக்கும். எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். பட்டாணி அளவு போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும்.

வேளச்சேரிவாசி (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் நன்றி. வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். முகத்துக்கு மட்டும் கேன் தண்ணீரைக் குவளையில் எடுத்துக்கொள்கிறேன். கன்னம் இழுப்பது பத்தாம் நாளே நின்றுவிட்டது. எண்ணெய் குறையவில்லை, ஆனால் ஒற்றியெடுத்தால் போதும் என்று பழகிக்கொண்டேன். தலைக்கு எண்ணெய் வைப்பதைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிய பிறகு நெற்றிப் பொரியில் பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது. தாடைப் பருக்கள் மட்டும் மாதவிடாய்க்கு முந்தைய வாரம் தவறாமல் வருகின்றன.

பழைய மருந்தாளுநர்

தாடைப் பருவும் மாதவிடாயும் சேர்ந்து நடந்தால் அது ஹார்மோன் தொடர்பானதாக இருக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போவதும் உண்டென்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் பருவுக்குப் பூசும் அடாபலின் போன்ற மருந்தை எழுதினால், கருத்தரிக்கும் எண்ணம் இருப்பின் அதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் அதைப் பூசக் கூடாது.