எதிரே வரும் உயிரினம் என்ன செய்யும்? பகடையா, நாமா?

கதவோரம்:
‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில் ஐந்தாம் பதிப்பிலிருந்து 1981 பேசிக் விதிகளுக்கு மாறியிருக்கிறோம். அதில் எந்த உயிரினம் எதிர்ப்பட்டாலும் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி அதன் மனநிலையைப் பார்க்கச் சொல்கிறது. போன ஆட்டத்தில் ஆறு கோப்ளின்கள், அதாவது குட்டிப் பூதங்கள். ஏழு விழுந்தது. அட்டவணையில் ‘நிச்சயமில்லை, குழப்பம்’ என்று இருக்கிறது. “முறைத்துப் பார்க்கின்றன” என்றேன். ஆட்டக்காரர்களும் முறைத்தார்கள். அப்புறம் ஃபைட்டர் (போர்வீரர் பாத்திரம்) வாளை வீசிவிட்டார். எப்போதும் சண்டையில்தான் முடியும் என்றால் இந்த உருட்டல் எதற்கு? பாத்திரத்தின் கவர்ச்சி மதிப்பெண்ணான கரிஸ்மாவை எப்போது சேர்ப்பது?

மௌனபூதம்:
நான் உருட்டுவதே இல்லை. கோப்ளின் என்ன நினைக்கும் என்று ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்குத் தெரியாதா?

ஈரத்தீப்பந்தம்:
மௌனபூதம் சொல்வதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. கேம் மாஸ்டர் தானே முடிவு செய்யலாம், வேண்டுமானால் உருட்டலாம். ஆனால் என்னை என் போக்கில் விட்டால் எல்லா கோப்ளினும் பாய்ந்து வரும். அதனால் நான் உருட்டுகிற கட்சி.

கணக்கைப் பாருங்கள். இரண்டு விழுந்தால் உடனே தாக்குதல். அதற்கு 36-ல் ஒரு வாய்ப்புதான். 3 முதல் 5 வரை பகைமை, 9 முதல் 11 வரை பேச்சுக்கு இடம், இரண்டுக்கும் ஒன்பது ஒன்பது. நடுவில் 6, 7, 8-க்கு மட்டும் 16. உங்களுக்கு அடிக்கடி வரப்போவது இந்தக் குழப்பம்தான், அதைத் தயார் செய்யாமல் உட்காரக் கூடாது.

‘முறைத்துப் பார்க்கின்றன’ என்றதோடு நிறுத்தினால் ஆட்டக்காரர் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கையில் வாள் இருக்கிறது, வீசுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பகடையைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்தக் கும்பல் இப்போது எந்த வேலையாக இங்கே வந்தது? உங்கள் ஆறு கோப்ளின்களும் அடிபட்ட கூட்டாளி ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு போகின்றன என்று வையுங்கள். நான்கு விழுந்தால், அவனைக் கீழே கிடத்திவிட்டு ஈட்டியை நீட்டி “வழியை விடு” என்கின்றன. பத்து விழுந்தால், வழி விட்டால் முன்னால் இருக்கும் பொறியைக் காட்டுவதாகப் பேரம். ஏழு என்றால், அவனை அடித்தது நீங்கள்தானா என்று தங்களுக்குள் சண்டை போடுகின்றன. ஒன்று மட்டும் பூசாரிப் பாத்திரமான கிளெரிக்கின் கழுத்தில் தொங்கும் புனிதச் சின்னத்தையே பார்க்கிறது. இதைச் சொன்ன பிறகும் வாளை வீசினால் வீசட்டும், அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

தூரத்தையும் மறக்காதீர்கள். நிலவறைக்குள் சந்திப்பு தூரம் 2 பகடை பெருக்கல் 10 அடி, அதாவது 20 முதல் 120 வரை. இருபது அடியில் முட்டிக்கொண்டால் பேச நேரமில்லை. தொண்ணூறு அடியில் தீப்பந்த வெளிச்சம் தெரிந்தால் “யாரங்கே?” என்று ஒரு குரல் வரும். பலர் இதை உருட்டாமலே விட்டுவிட்டு, பேச்சுவார்த்தையே நடப்பதில்லை என்று புலம்புகிறார்கள்.

கரிஸ்மாவை யாராவது வாயைத் திறந்த பிறகுதான் நான் சேர்ப்பேன். 13 முதல் 17 என்றால் கூட்டல் 1, 18 என்றால் கூட்டல் 2. குழப்பத்தில் நிற்கும் உயிரினத்திடம் ஏதாவது கொடுக்க முன்வந்தால் மறுபடி உருட்டுகிறேன். ஒருவர் இனிக்க இனிக்கப் பேசும்போது பின்னால் இன்னொருவர் வில்லை நாணேற்றினால் அந்தக் கூட்டல் கிடையாது. என் மேசையில் இதற்கு வாக்குவாதம் வரும். வரட்டும்.

கதவோரம்:
கோப்ளின் சரி. எலும்புக்கூட்டுக்குப் பன்னிரண்டு விழுந்தால்? நட்பா?

ஈரத்தீப்பந்தம்:
அதற்கு உருட்டவே வேண்டாம். காவலுக்கு எழுப்பப்பட்டது காவல் காக்கும், அவ்வளவுதான். அதன் மொரேலே, அதாவது மனத்துணிவு எண்ணே, 12. உருட்டியது இந்த எண்ணைத் தாண்டினால்தான் பின்வாங்கும். இரண்டு பகடையில் அதற்கு மேல் வராது, ஆகவே ஓடாது. கோப்ளினுக்கு 7, ராஜா கூட இருந்தால் 9. முதல் ஆள் விழும்போதும் பாதிப் பேர் விழும்போதும் அதை மறக்காமல் சோதியுங்கள். சண்டை தொடங்கிவிட்டாலும் சரணடைந்து பேச அது இன்னொரு வாய்ப்பு.

மௌனபூதம்:
சண்டை போடாவிட்டால் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போய்விடுமே, என் ஆட்கள் அதற்காகவே வெட்டுகிறார்கள்.

ஈரத்தீப்பந்தம்:
இந்தப் பதிப்பில் மீட்டுக்கொண்டுவரும் பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்ஸ்பி. ஒரு சாதாரண கோப்ளினைக் கொன்றால் கிடைப்பது 5. உங்கள் ஆட்களிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குங்கள்.