மறு: 'இந்தக் கோப்புறைக்குள் மட்டும் தேடு': ஒரு சொல் வேண்டும், அவசரம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை அலுவலகப் பணியாளர்களுக்கு வகுப்பு. கையேடு ஞாயிறு இரவே அச்சுக்குப் போக வேண்டும். ஜிமெயிலின் தேடல் பெட்டியில் 'இன்' என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 'டிராஷ்' என்று அடித்தால் குப்பைத்தொட்டிக்குள் மட்டும் தேடும். அலுவலகக் கோப்புகளைப் பகிரும் ஷேர்பாயின்டில் 'பாத்' என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது. முன்னால் நிற்கும் அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்? போன முறை 'தேடல் எல்லை' என்றேன். 'சர்வே நம்பரா சார்?' என்று கேட்டார் ஒரு அம்மா.
— சேலம்

அன்புள்ள ஐயா, இது ஏழாம் வேற்றுமை அல்லவா? தொல்காப்பியர் 'வினைசெய் இடத்தின்' என்கிறார். இங்கே வினை தேடுதல்; இடம் கோப்புறை, அதாவது ஃபோல்டர். ஆகவே 'இடவுருபு'. கோப்புறையில் உள்ள 'உறை' கவர் அல்ல என்பது என் நெடுநாள் கருத்து. உறைதல் என்றால் தங்குதல். கோப்பு உறையும் இடம். அப்படிப் பார்த்தால் 'உறைவரை' இன்னும் பொருந்தும். 'வரை' மலைக்கும் மூங்கிலுக்கும் உரிய சொல், எல்லைக்கும்
— தஞ்சை

> 'உறைவரை'
தண்ணீர் ஐஸாக உறையும் வரை தேட வேண்டுமா? :-)
உருபு பெயருக்குப் பின்னால் வரும், ஐயா. இது முன்னால் நிற்கிறது. முன்னால் நிற்பது சுட்டு: அப்பள்ளி, இந்நூல். 'இடச்சுட்டு' என்றால் என்ன?
— கோவை

சுட்டி என்றால் மவுஸ். குழப்பம் வரும். பேசாமல் 'ஃபோல்டர் ஃபில்டர்' என்று எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.
— சென்னை

புரிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே எழுதினால் இந்தக் குழு எதற்கு?
இன்னொன்று. 'எவ்ரிதிங்' என்ற தேடல் மென்பொருளில் 'பேரன்ட்' என்று போட்டால் அந்தக் கோப்புறையோடு நின்றுவிடும், உள்கோப்புறைகளுக்குள் போகாது. 'பாத்' போகும். ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.
— கோவை

ஆகா! நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபு தருகிறார். அவற்றில் 'அகம்' உண்டு, 'கீழ்' உண்டு. அந்தக் கோப்புறை மட்டும் என்றால் அகம். உள்கோப்புறைகளும் சேர்ந்தால் கீழ். மீதி 26-ஐயும் பிறகு பார்ப்போம்.
— தஞ்சை

ஐயா, ஞாயிறு!
மூன்று பேர் தனிமடலில் 'இடச்சுட்டு' சரி என்றார்கள். அதையே போட்டு, அடியில் 'எந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று சொல்லும் சொல்' என்று எழுதிவிட்டேன்.
— சேலம்

சுட்டு காட்டும், கட்டாது. அந்தச் சொல்லின் வேலையோ தேடலைக் கட்டிவைப்பது. 'இடக்கட்டு'தான் சரி.
— தஞ்சை

> கட்டிவைப்பது
'இன்'னோடு 'எனிவேர்' சேர்த்துப் பாருங்கள், ஐயா. வழக்கமாக விட்டுவிடும் ஸ்பாமையும் குப்பைத்தொட்டியையும் சேர்த்தே தேடும். அங்கே அது கட்டவில்லை, அவிழ்க்கிறது.
— கோவை

அவிழ்ப்பதற்கும் முதலில் கட்டு வேண்டும். என் மறுப்பு அப்படியே நிற்கிறது.
— தஞ்சை

அச்சுக்குப் போய்விட்டது, ஐயா.
— சேலம்