புதுப்பிப்பு: பிறை கிளைக்குக் கோலாலம்பூர் வாடிக்கையாளர்கள் தெரிந்தது ஏன்

போன வாரம் கேட்டிருந்தேன்: வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் வாடிக்கையாளர் பதிவுகள் 'பிரைவேட்' (உரிமையாளருக்கும் அவருக்கு மேலுள்ளவர்களுக்கும் மட்டும்) என்றுதான் இருக்கின்றன, ஆனாலும் பினாங்கின் பிறையில் உள்ள எங்கள் கிளையில் எல்லாருக்கும் கோலாலம்பூர் குழுவின் வாடிக்கையாளர்கள் தெரிகிறார்களே, ஏன் என்று. காரணம் கிடைத்துவிட்டது.

புரொஃபைலில், அதாவது பயனருக்கு என்னென்ன அனுமதி என்று சொல்லும் அமைப்பில், 'வியூ ஆல்' (எல்லாவற்றையும் பார்க்கலாம்) டிக் ஆகியிருந்தது. அது இருந்தால் பிரைவேட் அமைப்பு செல்லாது, அத்தனை பதிவும் திறந்துவிடும். நான் இரண்டு நாளாக ஷேரிங் ரூல்களையே, அதாவது யாருக்கு எந்தப் பதிவைப் பகிர்வது என்ற விதிகளையே, கிளறிக்கொண்டிருந்தேன். ரூல் கதவைத் திறக்கத்தான் செய்யும், மூடாது. புரொஃபைலைப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.

டிக்கை எடுத்தேன், சரியாகிவிட்டது. மேலாளர்களுக்கு ரோல் வரிசைப்படியே (யாருக்குக் கீழ் யார் என்ற அடுக்குப்படியே) கீழுள்ளவர்களின் பதிவுகள் தெரிகின்றன.

அப்புறம் இன்னொன்று. நேற்றுக் காலை ஒரு தங்கை வந்து, "அண்ணே, முந்தாநாள் இருந்த கஸ்டமரைக் காணோம்" என்றாள். பதிவின் உரிமையாளரை மாற்றியிருக்கிறார்கள். மாற்றினால், ஒருவருக்கென்று தனியாகக் கையால் கொடுத்த பகிர்வு அழிந்துவிடும். அதனால் இரு கிளைகளுக்கும் பொதுவான வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இப்போது ரூல் போட்டிருக்கிறேன்.

ஐசி (அடையாள அட்டை) எண், கைப்பேசி எண் எல்லாம் உள்ள பதிவுகள் இவை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் புரொஃபைல்களையும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.