புதுப்பிப்பு: எங்கள் ஊர் சேனலுக்கு யார் பணம் தருகிறார்கள்?

மாசசூசெட்ஸில் எங்கள் ஊர் மக்களே நடத்தும் கேபிள் சேனலில் பள்ளிப் பிள்ளைகள் கேமரா பிடிப்பதைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். செலவு யாருடையது என்று பலர் கேட்டிருந்தீர்கள். விசாரித்துவிட்டேன்.

பணம் கேபிள் நிறுவனத்திடமிருந்து வருகிறது. தெருக்களில் கம்பி இழுக்க அனுமதி தருவதற்கு ஈடாக, கேபிள் வருமானத்தில் ஒரு பங்கை ஊர் கேட்கலாம். 1984-ஆம் ஆண்டு அமெரிக்கக் கேபிள் சட்டம் அதற்கு 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. பொதுமக்களுக்கும் பள்ளிக்கும் ஊர் நிர்வாகத்துக்கும் சேனல் ஒதுக்கச் சொல்லும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கேபிள் டிவி வருமானம் மட்டும்தான் கணக்கில் வரும், இணையச் சந்தா வராது. கேபிளை நிறுத்திவிட்டு நெட்ஃபிளிக்ஸ் பக்கம் போகிறவர்கள் கூடக்கூட இந்த வரவு குறைகிறது. எங்கள் ஊரிலும் அதே நிலைதான், எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, பிள்ளைகள் விஷயம். ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளிக் குழுவின் கூட்டம் நேரலையில் போகும்போது கட்டுப்பாட்டு அறையில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மைக்கை நோக்கி எந்தக் கை நகர்கிறது என்று பார்த்தே கேமராவை மாற்றினாள். பஸ் வழித்தடம் பற்றிய வாக்கெடுப்பு வந்ததும், "இது எங்க பஸ்!" என்று சத்தமாகவே சொன்னாள். அந்தக் கூட்டத்தை அவள் வேறு எப்படியும் பார்த்திருக்க மாட்டாள்.

அப்புறம், இந்தச் சேனலில் உறுப்பினராகிப் பயிற்சி முடித்தால் கேமராவை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். அமெரிக்காவில் இருக்கிறவர்கள் உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சேனல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.