புரட்டாசியில் தடம் பிடிக்கும் பயிற்சி: ஈரலுக்குப் பதில் என்ன போடலாம்?

கரும்புக்காட்டான் (டோங்காட், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். என்கிட்ட ஒன்றரை வயசு ஜெர்மன் ஷெப்பர்ட் பொட்டை இருக்கு, பேரு சிவப்பி. ஐ.ஜி.பி.ங்கற வேலை நாய்த் தேர்வோட முதல் நிலைக்குத் தடம் பிடிக்க, அதாவது ஆள் நடந்த வழியை மோந்துகிட்டே போக, பழக்கறேன். புல்தரையில நடந்துகிட்டே ஒவ்வொரு காலடியிலும் அவிச்ச ஈரல் துண்டு ஒண்ணு போட்டுட்டு வருவேன், அப்புறம் அவளை விடுவேன்.

இப்ப ரெண்டு சிக்கல். புரட்டாசி வந்தாச்சு. பிரிட்ஜ்ல ஈரல் இருக்குன்னு தெரிஞ்சா அம்மா பிரிட்ஜையே வாசல்ல வச்சிடுவாங்க. ரெண்டாவது, சிவப்பி தரையை மோந்து பார்க்கறதே இல்ல. தலையைத் தூக்கி காத்துல வர வாசத்தைப் பிடிச்சு அடுத்த துண்டுக்குத் தாவறா. திருப்பம் வந்தா நேரா ஓடிடறா.

கிளப்புல ஒரு பெரியவர், "தீனி லஞ்சம்டா, பந்துக்கு மாத்து"ங்கறார். பந்தைக் காட்டினா இவளுக்குத் தடமே ஞாபகம் இருக்காது. என்ன பண்ணலாம்?

பழைய சார்ஜண்ட் (மாரிட்ஸ்பர்க்)

தம்பி, உன் ரெண்டு சிக்கலும் ஒண்ணுதான். ஈரல்! அந்த வாசம் காத்துலயே வந்துடும், அப்புறம் எதுக்கு அவ குனியணும்? புரட்டாசி உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு.

அவ தினமும் தின்னற பெல்லட்டையே, அதான் அந்த உலர்ந்த உருண்டைத் தீனியையே எடு. காலைச் சாப்பாட்டைக் கிண்ணத்துல வைக்காதே, தடத்துல வை. பெல்லட்டுக்கு வாசம் கம்மி, பக்கத்துல மூக்கை வச்சாத்தான் தெரியும். சும்மா மேல தூவக்கூடாது. குதிகால் பதிஞ்ச பள்ளத்துல, மடங்கின புல்லுக்கு அடியில விரலால அழுத்தி வை. மிதிபட்ட புல், கிளறின மண், உன் உடம்புல இருந்து உதிர்ற தோல் துகள், இதெல்லாம் சேர்ந்ததுதான் தடத்தோட வாசம். அந்த வாசம் இருக்கற இடத்துலதான் சோறு கிடைக்கும்னு அவளுக்குப் புரியணும், அவ்வளவுதான். காத்து உன் முதுகுல படற மாதிரி நடந்து தடம் போடு. முன்னால இருக்கற துண்டோட வாசம் அப்ப அவ முகத்துக்கு வராது.

அப்புறம் மெதுவா குறை. ஒரு அடி விட்டுப் போடு, மூணு அடி விட்டுப் போடு, திடீர்னு வரிசையா நாலு அடியிலயும் போடு. ஒரே கணக்கா விட்டின்னா நாய் எண்ணக் கத்துக்கும், மோக்கக் கத்துக்காது. திருப்பத்துக்கு முன்னால நெருக்கமா வை, வேகம் தானா குறையும்.

லஞ்சம்னு சொன்னவருக்கு ஒண்ணு சொல்லு: வேலைக்கு முன்னாடி காட்டினா லஞ்சம், வேலை செஞ்ச இடத்துல கிடைச்சா கூலி. ஒளிச்சு வச்ச பொருளைத் தேடற நாய்க்குப் பந்து அருமையான கூலி, அதுக்கு வேகம் வேணும். அடி அடியா நிதானமாப் போற தடத்துக்கு அந்தச் சூடு ஆகாது.

ஆனா அவர் பயத்துலயும் நியாயம் இருக்கு. தேர்வுல தடத்துல தீனி கிடையாது. 300 காலடி, போட்டு 20 நிமிஷம் ஆறின தடம், வழியில நாய் கண்டுபிடிக்க வேண்டிய ரெண்டு பொருள். அதனால கூலியைப் பொருளுக்கு மாத்து. கையுறையையோ தோல் துண்டையோ கண்டதும் அவ படுக்கணும். நீ கயித்தோட போய் அவ முன்னங்காலுக்கு நடுவுல கையால ஊட்டு. 1925-ல சாவர்னு ஒரு டாபர்மேன், கரூ வறண்ட காட்டுல ஆடுமாடு திருடினவனை மோப்பத்தை மட்டும் வச்சு 160 கிலோமீட்டர் தொடர்ந்து போச்சு. அதுக்கு முன்னால யாரு ஈரல் தூவிக்கிட்டே போனது?

பீனிக்ஸ் பையன்

சார்ஜண்ட் ஐயா சொன்னதெல்லாம் சரி, எறும்பை மட்டும் விட்டுட்டீங்க. கடற்கரைப் பக்கம் 20 நிமிஷம் தீனியைத் தரையில விட்டா எறும்பு முந்திக்கும். மூக்குல ஒருதரம் கடி வாங்கின நாய் மறுபடி குனிய யோசிக்கும். ஆறின தடம்னா காலடியில எதுவும் வேண்டாம், சின்ன மூடி டப்பாவுல போட்டுப் பொருளுக்கு அடியில வைங்க. அப்புறம் அண்ணே, கரும்புக்குள்ள மட்டும் போகாதீங்க, மாம்பா பாம்பு இருக்கும், கடும் விஷம். வெளி ஓரப் புல்லே போதும், அதுவும் பனி காயறதுக்குள்ள. வெயில் ஏறி நாய்க்கு மூச்சு இளைக்க ஆரம்பிச்சா மோப்பம் பாதிதான்.

கேப் அக்கா

பெல்லட்டைத் துப்பற நாய்களும் உண்டு. அப்ப உப்புக் கம்மியான சீஸ், இல்லன்னா அவிச்ச முட்டை. பில்டோங் (நம்ம ஊர் உப்புக்கண்டம்) வேண்டாம், உப்பும் மசாலாவும் அதிகம். வெங்காயம் கலந்த சமோசா மிச்சம், உலர்ந்த திராட்சை, சர்க்கரைக்குப் பதிலா சைலிட்டால் போட்ட இனிப்பு, இதெல்லாம் நாய்க்கு விஷம். பாயசத்துல இருந்து பொறுக்கின திராட்சையும் அதுல சேர்த்திதான், வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.

நாய் மூக்கை லேசா நினைக்காதீங்க தம்பி. எண்பது வருஷத்துக்கு மேல யார் கண்ணுலயும் படாத டி வின்டன் தங்க அகழெலியை (மண்ணுக்கடியில வாழற சின்னப் பிராணி) மேற்குக் கடற்கரை போர்ட் நொலோத் பக்கத்து மணல்ல தேட உதவினது ஜெஸ்ஸிங்கற பார்டர் கோலி. 2023-ல அறிவிச்சாங்க. அது தடம் பிடிக்கற வேலை இல்ல, வாசத்தைக் கண்டு காட்டற வேலை. ரெண்டையும் ஒரே நேரத்துல பழக்கிக் குழப்பிடாதீங்க.

கரும்புக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. அம்மாகிட்ட கேட்டேன். சீஸுக்குச் சரின்னுட்டாங்க, முட்டை புரட்டாசி முடியற வரைக்கும் கிடையாதாம். ஐயா, சீஸ் எவ்வளவு பெருசா வெட்டணும்?

பழைய சார்ஜண்ட்

கடலைப் பருப்பு அளவு. மென்னுக்கிட்டு நின்னா தடம் அறுந்துடும், முழுங்கிட்டுப் போயிட்டே இருக்கணும். திருப்பத்துக்கும் பொருளுக்கும் மட்டும் சீஸ், மத்த அடிக்கெல்லாம் பெல்லட். ராத்திரிச் சாப்பாட்டுல அந்த அளவைக் கழிச்சுடு, எடை ஏறக்கூடாது, ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு முக்கியம்.