ஃபார்ம்வேர் ஏற்றிய பிறகு பழைய ரவுட்டரில் வைஃபை அறுந்துகொண்டே இருக்கிறது, உதவுங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எட்டு வருடப் பழைய ரவுட்டர், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, போன ஞாயிற்றுக்கிழமை புது ஃபார்ம்வேரை, அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளை, ஏற்றினேன். அன்றிலிருந்து தொல்லைதான்.

கேபிள் செருகினால் வேகம் முழுசாக வருகிறது. ஆகவே இணைப்பு சரி, வைஃபையில்தான் கோளாறு. ரவுட்டர் 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயர் அம்மாவின் போனில் தெரியவே இல்லை. பார்த்தால், சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் தடத்தின் எண்) தானாக 100-க்குப் போய் உட்கார்ந்திருந்தது. 36-க்கு மாற்றியதும் தெரிந்துவிட்டது. அப்பாடா, அது ஒன்று தீர்ந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ்தான் மசியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து, தானே ஒட்டிக்கொள்கிறது. சேனல் 1, 6, 11 மூன்றிலும் வைத்துப் பார்த்தேன், சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். கொஞ்சம் தேவலாம், அவ்வளவே. பழைய பிரிண்டரோ கடவுச்சொல் தப்பு என்று அடம்பிடிக்கிறது. கடல் காற்றில் உப்பு பிடித்துவிட்டது என்கிறார் மாமா. ஒரே ராத்திரியிலா?

ஒரு தப்பு செய்துவிட்டேன். அப்டேட் முடிந்ததும் ரீசெட் செய்யாமல், பழைய அமைப்புகளை பேக்கப்பிலிருந்து அப்படியே ஏற்றிவிட்டேன். அதுதான் வினையோ? முழு ரீசெட் செய்து எல்லாவற்றையும் கையால் போடலாம்தான், ஆனால் இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் எழுதிய சீட்டு காணவில்லை. பேக்கப் கோப்பிலிருந்து அதை எடுக்க வழி உண்டா? இல்லை, பழைய ஃபார்ம்வேருக்கே திரும்பிவிடலாமா? பாதியில் கரண்ட் போனால் ரவுட்டரே உயிரில்லாத செங்கல்லாகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.